பரண் மேல் குடித்தனம்

சில மாதங்களுக்கு முன் ஒரு சனிக்கிழமை, ஓ.எம்.ஆரில் புதிதாக எழும்பிவரும் ஒரு குடியிருப்பைப் பார்க்கப் போவதாக அம்மாவிடம் சொன்னேன். "இருக்கிற வீடு பத்தலையாடா?" என்றாள். "இது சாதா அபார்ட்மெண்ட் இல்லம்மா, லாஃப்ட்" என்றேன். அம்மா என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கேட்டாள்: "பரண் மேலயா குடித்தனம் பண்ணப் போற?"

அம்மாவைக் குறை சொல்ல முடியாது. தமிழ்நாட்டில் வீடு கட்டியவர்களுக்கும் வாடகைக்கு இருந்தவர்களுக்கும் லாஃப்ட் என்றால் அதுதான். சமையலறையில் ஏழடி உயரத்தில், இரண்டடி அகலத்துக்குச் சுவரிலிருந்து நீளும் சிமெண்ட் பலகை. கொலு பொம்மைகள், கல்யாணத்துக்கு வந்த பித்தளை அண்டா, கைப்பிடி போன சூட்கேஸ், நான் முதலாண்டு இன்ஜினியரிங்கில் வாங்கி அதற்குப் பிறகு தொடாத மினி டிராஃப்டர் எல்லாம் கிடக்கும் இடம். வேண்டாததை, ஆனால் தூக்கிப்போட மனம் வராததைப் போட்டு வைப்பதற்கு லாஃப்ட். அந்தச் சொல்லுக்கு இப்போது சதுர அடிக்குக் கூடுதல் விலை கேட்கிறார்கள்.

மாதிரி வீட்டைக் காட்டினார்கள். பதினாறடி உயரக் கூரை. இரும்புப் படிக்கட்டில் ஏறினால் பாதி அகலத்துக்கு ஒரு மேல்தளம், அதில் கட்டில். ஒரு சுவர் முழுக்கப் பூசாத செங்கல். பாலிஷ் போட்ட சிமெண்ட் தரை. கறுப்புச் சட்டமிட்டு கட்டம் கட்டமாகப் பிரித்த பெரிய ஜன்னல். கூரையை ஒட்டி, கையகலத்துக்குப் பருத்த உலோகக் குழாய்கள் இரண்டு. கையேட்டில் நியூயார்க் என்ற சொல் மூன்று முறையும், அர்பன் லிவிங் ஒன்பது முறையும் வந்தன. ஆம், எண்ணினேன்.

பொறியாளன் புத்தி சும்மா இருக்காது. செங்கல் சுவரைத் தட்டிப் பார்த்தேன். செங்கல் மாதிரி வார்த்த மெல்லிய டைல். பின்னால் வழக்கமான சிமெண்ட் சுவர்தான். அப்புறம் அந்தக் குழாய்களைக் காட்டி, கூட வந்த விற்பனைப் பையனிடம் கேட்டேன்: "இதுக்குள்ள என்ன தம்பி போகுது? ஏசி டக்ட்டா?"

"இல்ல சார், ஏசி தனியா ஸ்ப்ளிட் வரும்."

"அப்ப இது?"

"உள்ள ஒண்ணும் போகாது சார். அது லுக்குக்கு."

ஜன்னலுக்கு வெளியே பார்த்தேன். மதில், மதிலுக்கு அப்பால் கருவேலம், அதற்கப்பால் பாதி கட்டிய இன்னொரு கோபுரம். பக்கத்தில் கடை எங்கே என்று கேட்டேன். "உள்ளயே சூப்பர்மார்க்கெட் வருது சார். கிளப் ஹவுஸ்ல கஃபே, ஜிம், ப்ரிவ்யூ தியேட்டர். வெளிய போகவே வேண்டாம்."

வெளியே போகவே வேண்டாத ஒரு வாழ்க்கைக்கு நகர வாழ்க்கை என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எனக்கு இதில்தான் கோபம். டைலை ஒட்டிச் செங்கல் என்று சொல்வது சின்னப் பொய். ஊரைச் சுவர் வைத்துத் தடுத்துவிட்டு அந்தச் சுவருக்கு உள்ளே இருப்பதை நகரம் என்று விற்பது பெரிய பொய். அதை முதல் ஆளாக வாங்குவதும் என்னைப் போன்றவர்கள்தான் என்பதால் இதை எழுதுகிறேன்.

*

லாஃப்ட் என்பது முதலில் என்ன என்று பார்த்துவிடலாம். ஏனென்றால் அதுவொரு நல்ல கதை, கையேட்டில் வராத கதை.

நியூயார்க்கில் ஹூஸ்டன் தெருவுக்குத் தெற்கே இருக்கும் பகுதி இன்று ஸோஹோ. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் அங்கே ஐந்தாறு மாடி உயரத்தில் வார்ப்பிரும்பு முகப்புகள் கொண்ட கிடங்குகளும் தொழிற்கூடங்களும் எழுந்தன. அவற்றின் மேல்தளங்களுக்குத்தான் லாஃப்ட் என்று பெயர். அந்தக் கட்டிடங்களில் அழகுக்காக உள்ளே வைத்தது அநேகமாக எதுவுமில்லை. மின்விளக்கு வருவதற்கு முந்தைய காலம். தையலுக்கும் அச்சுக்கும் பகல் வெளிச்சம் வேண்டும், அதனால் ஜன்னல்கள் பெரிதாயின. அந்த வெளிச்சம் அறையின் நடுப்பகுதி வரை போகவேண்டும், சரக்கை அடுக்கவும் வேண்டும், அதனால் கூரை உயர்ந்தது. மூட்டைகளை இழுத்துப் போக இடைச்சுவர் தடை, அதனால் ஒரே கூடமாக விட்டார்கள். தொழிலாளி வேலை செய்யும் இடத்துக்கு யார் பூச்சுப் பூசுவார்கள்? அதனால் செங்கல் வெளியே தெரிந்தது. குழாய்களில் நீராவியும் தண்ணீரும் ஓடின.

இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பெரிய தொழில்கள் அங்கிருந்து வெளியேறத் தொடங்கின. அடிக்கடி தீப்பிடித்ததால் 'நரகத்தின் நூறு ஏக்கர்' என்று அந்தப் பகுதிக்குப் பட்டப்பெயர் இருந்தது. மிச்சமிருந்த சிறு பட்டறைகளில் பெரும்பாலும் கறுப்பினத்தவரும் புவேர்ட்டோ ரிக்கர்களும் வேலை செய்தார்கள். 1960களின் தொடக்கத்தில் நகரத் திட்ட வல்லுநர் செஸ்டர் ராப்கின் அந்தப் பகுதியை ஆய்வு செய்து, இங்கே இன்னும் ஆயிரக்கணக்கானோருக்கு வேலை இருக்கிறது, இடிக்காதீர்கள் என்றார். ராபர்ட் மோசஸோ அதன் குறுக்கே பத்து வழி விரைவுச்சாலை போடத் துடித்துக்கொண்டிருந்தார். அதை எதிர்த்து ஜேன் ஜேக்கப்ஸ் உட்படப் பலர் போராடி, 1969ல்தான் அந்தத் திட்டம் கடைசியாகச் செத்தது.

இந்த இழுபறிக்கு நடுவே, இடிக்கப்படுமா நிற்குமா என்று தெரியாத கட்டிடங்களில், அடிமாட்டு வாடகைக்கு ஓவியர்களும் சிற்பிகளும் நடனக்காரர்களும் குடியேறினார்கள். சட்டப்படி அங்கே யாரும் குடியிருக்கக் கூடாது. பல கட்டிடங்களில் சாயங்காலம் ஆனால் வெப்பமூட்டி நின்றுவிடும். குளிக்க வசதி இருக்காது. தீ விபத்து நடந்தால் உள்ளே ஆள் இருப்பது தெரியவேண்டும் என்பதற்காக 'ஏ.ஐ.ஆர்.' என்று ஒரு சிறு பலகையை வாசலில் மாட்டினார்கள். கலைஞர் உள்ளே வசிக்கிறார் என்று அர்த்தம். 1971ல் நகரம் கலைஞர்களுக்கு மட்டும் சட்ட அனுமதி தந்தது. 1973ல் அது வரலாற்றுப் பகுதியாக அறிவிக்கப்பட்டது. 1982ல் லாஃப்ட் வாசிகளுக்கென்றே மாநிலச் சட்டம் வந்தது. அதே வருடம் ஷாரன் ஸூகின் என்ற சமூகவியலாளர் 'லாஃப்ட் லிவிங்' என்ற புத்தகத்தில், கலைஞன் குடியேறிய இடம் எப்படிக் கலைஞனே நுழையமுடியாத விலைக்குப் போகிறது என்று விளக்கிவிட்டார். நாற்பது வருடம் ஆகிறது. நமக்கு இப்போதுதான் கையேடு வந்திருக்கிறது.

கவனித்தால், அதில் யாரும் லாஃப்ட் 'கட்டவில்லை'. கிடைத்ததை வைத்துக்கொண்டார்கள். வேலை போன பிறகு மிச்சமிருந்த வெற்றிடம் அது. மலிவாக இருந்ததால் கிடைத்தது; பழையதாக இருந்ததால் மலிவாக இருந்தது; நகரத்தின் நடுவில் இருந்ததால் பழையதாக இருந்தும் பயன்பட்டது. கீழே இறங்கினால் பட்டறை, டீக்கடை, நடந்தால் சீனர் தெரு, இன்னும் நடந்தால் காட்சிக்கூடம். நாவலூர் சதுப்பை நிரப்பி அதன் மேல் பதினாறடிக் கூரை போடும்போது இதில் எதுவுமே கூட வருவதில்லை. வருவது ஜன்னலின் கறுப்புச் சட்டம் மட்டும். நம் ஊர் மேற்கு வெயிலில் அந்த ஜன்னலும் அந்த உயரமும் சேர்ந்து ஏசிக்கு எவ்வளவு கரண்டு பில் வைக்கும் என்பதைச் சென்னையில் ஒரு மே மாதம் இருந்தவருக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

*

சரி, சென்னையில் நிஜமான லாஃப்டே இருந்ததில்லையா? இருந்தது. பெரம்பூரில்.

பக்கிங்ஹாம் அண்ட் கர்னாடிக் மில்ஸ், ஊர் வாயில் பின்னி மில். பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசி இருபத்தைந்து ஆண்டுகளில் தொடங்கிய ஆலைகள். இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று சொல்லப்படும் மெட்ராஸ் லேபர் யூனியன் 1918 ஏப்ரலில் உருவானது இந்த ஆலைத் தொழிலாளர்களைக் கொண்டுதான். பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் பேசிய கூட்டங்கள், 1921ன் நீண்ட வேலைநிறுத்தம், துப்பாக்கிச்சூடு, அந்தப் போராட்டத்துக்குள்ளேயே வெடித்த புளியந்தோப்புச் சாதிக் கலவரம் என்று சென்னையின் நவீன வரலாற்றில் பாதி அந்த மதிலுக்குள்ளும் அதைச் சுற்றிய தெருக்களிலும் நடந்தது. ஆலைச் சங்கு ஊதினால் பெரம்பூர், பட்டாளம், ஓட்டேரி, புளியந்தோப்பு என்று நாலு பக்கமும் கடிகாரம் பார்க்காமலே நேரம் தெரியும். 1996ல் மூடினார்கள். அதன்பிறகு பல வருடம் சினிமா சண்டைக் காட்சிகளுக்கு வாடகைக்கு விட்டார்கள். உயர்ந்த கூரையும் உடைந்த கண்ணாடியும் துருவேறிய தூணுமாக வில்லன் நிற்கும் இடங்களில் பல பின்னி மில்தான்.

அங்கே நிஜச் செங்கல் இருந்தது, நிஜ உயரமும் நிஜக் குழாயும் இருந்தன. சுற்றிலும் நூறு வருட நகரம் இருந்தது. நடக்கிற தூரத்தில் ரயில், சந்தை, பள்ளிக்கூடம், சர்ச், மசூதி, கோயில் எல்லாம் இருந்தன. அந்த நிலத்தில் இன்று அடுக்குமாடிகள் எழும்பி நிற்கின்றன. மும்பையிலும் இதே கதைதான். 1982 வேலைநிறுத்தத்துக்குப் பிறகு மில்கள் ஒவ்வொன்றாகச் செத்து மாலும் கோபுரமும் ஆயின. அங்கேயாவது சில புகைபோக்கிகளை அலங்காரத்துக்கு விட்டுவைத்தார்கள்.

வீடு தேவைப்படும் நகரத்தில் ஆலை நிலத்தில் வீடு கட்டக் கூடாது என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் ஒரு முனையில் நிஜத் தொழிற்கூடத்தை இடித்துவிட்டு, மறுமுனையில், தொழிற்கூடமே இருந்திராத வயலிலும் கழிவெளியிலும் தொழிற்கூடம் மாதிரி ஒன்றைக் கட்டி, அதற்கு நகரம் என்று பெயர் வைப்பதை என்னவென்று சொல்வது? தொழிலாளியின் இடம் நமக்குப் பிடிக்கிறது, தொழிலாளி இல்லாத பட்சத்தில்.

*

நான் பிறந்து வளர்ந்தது திருவல்லிக்கேணியில், ஒரு ஸ்டோர் வீட்டில். ஒண்டுக்குடித்தனம். நீளமான ஒரு நடை, அதன் இரண்டு பக்கமும் எட்டுக் குடித்தனம், பின்னால் ஒரு கிணறு, மூன்று கக்கூஸ். தெருமுனையில் ஆண்களுக்கான மேன்ஷன். அதற்குக் கீழே மாவு மில்லும் ஜெராக்ஸ் கடையும் ஒரு மெஸ்ஸும். பத்து நிமிடம் நடந்தால் ஒரு பக்கம் பார்த்தசாரதி கோயில், இன்னொரு பக்கம் 1795ல் கட்டிய வாலாஜா பெரிய மசூதி. பைக்ராஃப்ட்ஸ் சாலையின் நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள். என் செமஸ்டர் புத்தகங்கள் பாதியை அங்கேதான் வாங்கி அங்கேயே விற்றேன். ஜாம்பஜாரில் காய்கறி. சாயங்காலம் கடற்கரை, அதற்கு டிக்கெட் கிடையாது.

அம்மா ஒரு நாளில் எத்தனை பேரிடம் பேசியிருப்பாள் என்று பின்னாளில் உட்கார்ந்து கணக்குப் போட்டேன். பால் பூத், பூக்காரம்மா, கீரைக்காரர், மாவு மில், கோயில் வாசலில் செருப்புப் பார்ப்பவர், மேன்ஷனில் தங்கி பேங்க் பரீட்சைக்குப் படித்த திருநெல்வேலிப் பையன்கள், மருந்துக்கடை பாய், எதிர்வீட்டு மாமி. இருபதுக்குக் குறையாது. இதில் யாரையும் அவள் சிநேகிதி என்று சொன்னதில்லை. ஆனால் அப்பா நெஞ்சுவலியில் சரிந்த ராத்திரி, நான் பெங்களூரில் இருந்தபோது, ஆட்டோ பிடித்து ராயப்பேட்டை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவர்கள் மேன்ஷன் பையன்கள் இரண்டு பேரும் மருந்துக்கடை பாயும்தான். அவர்களில் ஒரு பையனின் பெயர் அம்மாவுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது.

இதைத்தான் நான் நகர வாழ்க்கை என்பேன். கிராமத்தில் எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும்; நீ இன்னாருடைய பேரன், இன்ன சாதி, இன்ன தெரு. நகரத்தில் தெரியாதவர்களுக்கு நடுவே வாழ்கிறோம். தெரியாதவர் ஒருவர் நம் வாசல் வழியாகப் போவதற்கு அவரிடம் ஒரு காரணம் இருக்கிறது, போகப்போக அவர் முகம் பழகுகிறது, அவர் நம் வீட்டுக்குள் வரவேண்டியதுமில்லை, நாம் அவரை விரட்டவேண்டியதுமில்லை. 1961ல் ஜேன் ஜேக்கப்ஸ் அமெரிக்க நகரங்களைப் பற்றி எழுதிய புத்தகத்தில் இதற்கு நாலு நிபந்தனை சொன்னார்: ஒரே இடத்தில் பலவிதப் பயன்பாடு, அடிக்கடி திரும்ப வழியுள்ள குறுகிய தெருக்கள், பழையதும் புதியதுமாகக் கலந்த கட்டிடங்கள், போதுமான ஜன நெருக்கம். பழைய கட்டிடம் எதற்கு? வாடகை குறைவு என்பதற்காக. கையில் காசில்லாதவன் ஒரு மெஸ்ஸோ டியூஷன் சென்டரோ பத்திரிகையோ தொடங்க ஓர் ஓட்டை இடம் வேண்டும். திருவல்லிக்கேணியை அவர் பார்த்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் நாலும் அங்கே இருந்தன, யாரும் திட்டம் போடாமலே.

2017ல் வீட்டுக்காரர் ஸ்டோரை விற்றார். அம்மாவை என்னோடு ஓ.எம்.ஆருக்குக் கூட்டிவந்தேன். பதினான்கு மாடி, அறுநூற்றுச் சொச்சம் வீடுகள், மூன்று கேட், நீச்சல்குளம். தண்ணீர் லாரியில் வரும். 2019 கோடையில் சென்னைக்கு ஜோலார்பேட்டையிலிருந்து ரயிலில் தண்ணீர் வந்ததே, அப்போது எங்கள் குழுமத்தின் வாட்ஸப்பில் லாரி எண்களும் வரும் நேரமும் மட்டும்தான் ஓடின. பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022ல் ராம்சார் அங்கீகாரம் கிடைத்தபோது அதே குழுமத்தில் எல்லோரும் கைதட்டும் படம் போட்டார்கள். அந்தச் சதுப்பு எங்கே சுருங்கியது, அதன் மேல் யார் உட்கார்ந்திருக்கிறோம் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

பால் ஆப்பில் வருகிறது. கீரை ஆப்பில் வருகிறது. அம்மா இப்போது ஒரு நாளில் பேசுவது என்னிடம், என் மனைவியிடம், வேலைக்கு வரும் அக்காவிடம். மூன்று பேர்.

*

இந்த இடத்தில் என் சக பொறியாளர்கள் குறுக்கிடுவார்கள். குறுக்கிட்டும் இருக்கிறார்கள். "ஓவரா ரொமாண்டிசைஸ் பண்ணாத மச்சி. எட்டுக் குடித்தனத்துக்கு மூணு கக்கூஸ். அதுல காலைல க்யூல நின்னவனுக்குத்தான் அட்டாச்டு பாத்ரூம் அருமை தெரியும்."

நியாயம். நின்றவன் நான். அதோடு இன்னொன்றும் சேர்த்துக்கொள்ளலாம். திருவல்லிக்கேணியிலும் மயிலாப்பூரிலும் டு-லெட் பலகையைப் பார்த்துப் போனால் முதல் கேள்வி நீங்க என்ன ஆளுங்க என்பதுதான். முஸ்லிம் நண்பனுக்காக நான் போனில் பேசி, நேரில் அவன் போனதும் வீடு முடிந்துவிட்டது என்று சொன்ன வீட்டுக்காரர்கள் உண்டு. பழைய நகரம் பலருக்குக் கதவைச் சாத்தியே வைத்திருந்தது. கேட்டைத் தாண்டினால் யார் என்ன சாதி என்று கேட்காத அடுக்குமாடி அவர்களில் சிலருக்கு நிஜமான விடுதலை. இதை மறைத்துவிட்டு நான் தெருவைப் பற்றிப் பாட்டுப் பாடினால் அதுவும் ஒரு செங்கல் டைல்தான்.

ஆனால் நான் அடுக்குமாடிக்கு எதிராகப் பேசவில்லை. கே.கே. நகரிலும் பெசன்ட் நகரிலும் வீட்டுவசதி வாரியம் கட்டிய பழைய அடுக்குமாடிகளைப் பாருங்கள். அழகு ஒன்றும் கிடையாது; காரை பெயர்ந்து கம்பி தெரியும். இருந்தும் பிளாக்குகளுக்கு நடுவே பொதுத்தெரு ஓடுகிறது. அந்தத் தெருவில் அயர்ன் வண்டி நிற்கிறது, தெருக்கோடியில் கடை இருக்கிறது, அடுத்த தெருக்காரர் குறுக்கு வழியாக நடந்து போகிறார். அவரை யாரும் எந்த பிளாட், யாரைப் பார்க்கணும், போட்டோ எடுத்துக்கோங்க என்று கேட்பதில்லை. அங்கேயும் அட்டாச்டு பாத்ரூம் உண்டு. கக்கூஸ் வேண்டுமென்றால் தெருவைக் கொடுத்துவிட வேண்டும் என்று ஒரு பேரத்தை நமக்கு யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அடுத்த வாதம் பாதுகாப்பு. குழந்தைகள் உள்ளே பயமில்லாமல் விளையாடலாம். உண்மை. ஆனால் என் வயதுக்காரர்கள் பத்து வயதில் தனியாகப் போய்த் தயிர் வாங்கி வந்தோம். எங்கள் பிள்ளைகள் பன்னிரண்டு வயதிலும் மெயின் கேட்டைத் தனியாகத் தாண்டியதில்லை. வெளியே ஆறு வழிச்சாலை, நடைபாதை விட்டுவிட்டுத்தான் இருக்கிறது, மதில்களுக்கு நடுவே கண் வைத்துப் பார்க்க ஒரு கடைக்காரர்கூட இல்லை. நாம் எல்லோரும் மதில் எழுப்பியதால்தான் வெளியே அப்படி ஆனது. மதிலுக்கு வெளியே பயமாக இருக்கிறது என்பதைக் காரணம் காட்டி அடுத்தவர் இன்னும் உயரமாக மதில் எழுப்புகிறார்.

விதிகள் இல்லாமல் இல்லை. பத்தாயிரம் சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனையில் கட்டினால் பத்து சதவீதத்தைத் திறந்தவெளியாகப் பொதுப் பயன்பாட்டுக்கு உள்ளாட்சி அமைப்பிடம் ஒப்படைக்கவேண்டும். அந்தப் பூங்காவுக்குள் பக்கத்து ஊர்க்காரர் எத்தனை பேர் வந்து உட்கார்ந்திருக்கிறார்கள் என்று உங்கள் குடியிருப்பில் ஒரு ஞாயிற்றுக்கிழமை எண்ணிப் பாருங்கள். வேலியைப் பார்த்தே திரும்பிப் போயிருப்பார்கள். பெரிய மனைகளின் குறுக்கே பொதுத்தெரு ஓடவேண்டும், தெருவைப் பார்த்த தரைத்தளத்தில் கடை இருக்கவேண்டும், அந்தக் கடையில் கொஞ்சமாவது பக்கத்து ஊர்க்காரருக்குக் கட்டுப்படியாகும் வாடகையில் இருக்கவேண்டும். இதில் எதுவும் தொழில்நுட்ப ரீதியாகக் கஷ்டமில்லை. விற்பனைக் கையேட்டில் போடமுடியாது, அவ்வளவுதான்.

*

வேலைக்கு வரும் அக்காவைப் பற்றிச் சொன்னேன். அவருக்குச் சொந்த ஊர் சென்னை. தீவுத்திடல் பக்கம், கூவம் கரையில் சத்தியவாணி முத்து நகர். 2019 கடைசியில் அந்தக் குடிசைகளை அகற்றியபோது அவர் குடும்பத்துக்குப் பெரும்பாக்கத்தில் வாரியக் குடியிருப்பில் மேல் மாடியில் ஒரு வீடு கொடுத்தார்கள். பெரும்பாக்கம், செம்மஞ்சேரி, கண்ணகி நகர் என்று நகரத்தின் நடுவிலிருந்து பெயர்க்கப்பட்ட பல்லாயிரம் குடும்பங்கள் இங்கேதான், நம் லாஃப்ட்களுக்குப் பக்கத்தில் அடுக்கப்பட்டிருக்கின்றன. அக்காவின் வீட்டுக்காரர் சென்ட்ரலில் சுமை தூக்கிக்கொண்டிருந்தார். முன்பு நடந்து போவார். இங்கே வந்தபின் போகவர மூன்று மணிநேரம், அதுவும் பஸ் கிடைத்தால். கொஞ்ச நாளில் விட்டுவிட்டார். இப்போது ஒரு கேட்டில் செக்யூரிட்டி.

அம்மாவும் அக்காவும் மதியம் பேசிக்கொள்வதை வீட்டிலிருந்து வேலை செய்த நாட்களில் கேட்டிருக்கிறேன். ஜாம்பஜாரில் எந்தக் கடையில் கருவாடு நன்றாக இருக்கும், ரிச்சி தெருவுக்குப் பின்னால் அந்தத் தையல்காரர் இன்னும் இருக்கிறாரா, எட்டாம் நம்பர் தியேட்டர் ஒன்று இருந்ததே அதன் பெயர் என்ன. "அங்க இருந்தா கால் வலின்னாக்கூட நாலு தப்படி நடந்து எல்லாம் முடிச்சிக்கினு வந்துடுவேன்மா" என்றார் அக்கா ஒருநாள். "இங்க எல்லாத்துக்கும் ஆட்டோ." அம்மா, "எனக்கு மட்டும் என்ன" என்றாள்.

இந்தக் குடியிருப்பில் நகர வாழ்க்கை என்றால் என்னவென்று தெரிந்தவர்கள் அந்த இரண்டு பேர். ஒருத்தியை அரசாங்கம் லாரியில் ஏற்றி அனுப்பியது. இன்னொருத்தியை நான் காரில் கூட்டிவந்தேன். அர்பன் லிவிங் என்று கையேட்டில் ஒன்பது முறை எழுதியவர்கள், இந்த இருவரில் ஒருவர் வந்து போக சர்வீஸ் லிஃப்ட் என்று தனியாக ஒன்று வைத்திருக்கிறார்கள்.

எங்கள் குடியிருப்புக்கு மூன்று கேட் என்றேன். மூன்றாவது, பின்பக்கம் நாலடி அகலத்தில் இருக்கும் சின்ன இரும்புக் கதவு. அது திறந்தால் பழைய ஊரின் தெரு. அம்மன் கோயில், டீக்கடை, தையல்கடை, ஒரு மாவு மில், புதன்கிழமை வாசலில் கீரை போடும் பாட்டி. வந்த புதிதில் அம்மா அந்த வழியாகத்தான் உயிர்பிழைத்தாள் என்று சொல்லவேண்டும். தினமும் காலை ஒரு கூடையோடு போவாள், முக்கால் மணிநேரம் கழித்து வருவாள். பாட்டியின் மகன் குவைத்தில் இருப்பது வரை தெரிந்துகொண்டு வந்தாள். ஷேர் ஆட்டோவில் வரும் வேலைக்காரப் பெண்களும் அந்தத் தெருமுனையில் இறங்கி அந்தக் கதவு வழியாகத்தான் வருவார்கள்.

2020 மார்ச்சில் கொரோனாவுக்காகப் பூட்டினார்கள். எல்லாம் திறந்த பிறகும் அது திறக்கவில்லை. 2021 பொதுக்குழுவில் பாதுகாப்பு காரணமாக நிரந்தரமாக மூடுவது என்று தீர்மானம் வந்தது. வெளியாட்கள் வருகிறார்கள், டெலிவரி பையன்கள் குறுக்கே போகிறார்கள், ஒரு கேமராவும் ஒரு ஆளும் கூடுதலாகப் போட மாதம் வீட்டுக்கு நாற்பது ரூபாய் ஆகும். கை தூக்கச் சொன்னார்கள். நான் லேப்டாப்பில் ஒரு புரொடக்‌ஷன் பிரச்சினையைப் பார்த்துக்கொண்டே கை தூக்கினேன். எதற்கு என்பது கேட்டது. தெரியாமல் தூக்கினேன் என்று சொல்லமாட்டேன். நாற்பது ரூபாய் எனக்கு ஒன்றுமே இல்லை. இருந்தும் தூக்கினேன், எல்லோரும் தூக்கினார்கள் என்று.

அன்றிலிருந்து அக்கா ஒன்றரைக் கிலோமீட்டர் சுற்றி மெயின் கேட் வழியாக வருகிறார். அம்மா கூடையை எடுத்து வைத்துவிட்டாள். எங்கே என்று தேடவில்லை. சமையலறைப் பரண் மேல்தான் இருக்கிறது, போன வாரம் வேறு எதையோ எடுக்க ஏறியபோது கண்ணில் பட்டது.

லாஃப்ட் நான் வாங்கவில்லை. அந்த விற்பனைப் பையன் இன்னும் வாராவாரம் போன் செய்கிறான், நல்ல பையன், விலையில் குறைத்துத் தருகிறேன் என்கிறான். வீடு வாங்கப் போகிறவர்களுக்கு என்னால் சொல்ல முடிந்தது இவ்வளவுதான்: மாதிரி வீட்டில் செலவழிக்கும் நேரத்தில் பாதியை மதிலைச் சுற்றி நடப்பதில் செலவழியுங்கள். பத்து வயதுப் பிள்ளை தனியாகப் போய்த் தயிர் வாங்கமுடியுமா, உங்கள் வீட்டில் வேலை செய்பவர் நடந்து வரும் தூரத்தில் குடியிருக்கமுடியுமா, காசு கொடுக்காமல் அரைமணி உட்கார ஓர் இடம் இருக்கிறதா, நீங்கள் யாரென்று தெரியாத ஒருவர் உங்கள் ஜன்னலுக்குக் கீழே நடந்து போக ஒரு காரணம் இருக்கிறதா என்று பாருங்கள். நாலுக்கும் இல்லை என்றால் பதினாறடிக் கூரை என்ன, அறுபதடிக் கூரை போட்டாலும் அது பரண்தான்.

எங்கள் குடியிருப்பின் பொதுக்குழு அடுத்த மாதம் இரண்டாவது ஞாயிறு. பின்பக்கக் கதவைக் காலை ஆறிலிருந்து இரவு எட்டு வரை திறக்கவேண்டும், செலவை வீட்டுக்கு நாற்பது ரூபாயாகப் பகிர்ந்துகொள்ளலாம் என்று தீர்மானம் எழுதிக் கொடுத்திருக்கிறேன். இதுவரை கையெழுத்துப் போட்டவர்கள் பதினொரு பேர், அதில் ஏழு பேர் பிள்ளைகளோடு இருக்கவந்த வயதானவர்கள். சாவி எங்கே என்று செக்யூரிட்டி அறையில் கேட்டேன். ஆணியில்தான் தொங்குகிறது சார், துரு ஏறியிருக்கும், எண்ணெய் போட்டால் சரியாகிவிடும் என்றார்.